ஏர் பைப்பும் ஒரு பலாப்பழமும்

அன்புள்ள பிரகாசுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில், நீ வாங்கப்போகும் வீட்டின் பின்பக்கக் குளியலறையில் நின்றுகொண்டு, "அப்பா, வாடை ஏதாச்சும் அடிக்குதா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்லடா, சுத்தமா இருக்கு" என்று சொன்னேன். அது பொய் தம்பி. அங்கே வாடை அடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு வேலை செய்வதில்லை. உன் அம்மாவைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலில் போனது, இன்றுவரை திரும்பவில்லை. நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான். வெள்ளிக்கிழமை நீ அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறாய். இன்று செவ்வாய். நேற்றிலிருந்து மூன்று முறை உனக்குப் போன் போட்டேன். மூன்று முறையும் "சாப்பிட்டியாடா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீகூட, "என்னாப்பா, நேத்துலேர்ந்து இதையே கேக்கற" என்று சிரித்தாய். வாயில் வராதது பேனாவிலாவது வருகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூரியரில் போட்டால் நாளை உன் கைக்கு வந்துவிடும். நான் இதில் சொல்லியிருப்பதைச் செய்து பார்க்கிறவரை வீட்டை விற்கிற அந்த மனுஷனிடம் அட்வான்ஸைக் கொடுக்காதே. இன்னொன்று, இதைப் படிக்கும்போது சுகன்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பாதிக் கடிதம் அவளுக்குத்தான். மருமகளுக்கு நேராக எழுத எனக்கு முகம் இல்லை.

உனக்குத் தெரியும், கடலூரில் என்னை வெறும் பிளம்பர் என்று யாரும் சொன்னதில்லை. வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார்கள், பைப்பை என்னிடம் காட்டுவார்கள். "மேஸ்திரி, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க, உங்க வாயால நல்லாருக்குன்னு சொன்னா போதும்" என்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எந்தக் குளியலறையில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு மூக்கு. அந்தத் திமிரும் எனக்கு உண்டு. காய்ச்சல் விட்டபோது எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். நானும் நம்பினேன். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு மத்தியானம் உன் அம்மாவின் பீரோவைத் திறந்தேன். அவள் புடவைகளில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும், பவுடரும் கற்பூரமும் அவளும் சேர்ந்த வாசனை. ஒவ்வொரு புடவையாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணிதான் இருந்தது, அவள் இல்லை. அன்றைக்கு நான் அழுததைப் பார்த்து நீ அம்மா ஞாபகம் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய். அம்மா ஞாபகம்தான். ஆனால் அதை மட்டும் நினைத்து அழவில்லை.

அந்த நேரத்தில் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? தாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையிடம், எனக்கு மூக்கு போச்சுடா என்று சொல்வதா? வெட்கமாக இருந்தது. அப்புறம் சொல்லாமலே பழகிவிட்டது. வேலைக்குப் போகிற இடத்தில் கண்ணையும் காதையும் வைத்துச் சமாளித்தேன். ஒரு திருட்டு வித்தைகூடக் கற்றுக்கொண்டேன். குளியலறைக் கதவைத் திறக்கும்போது பைப்பைப் பார்க்க மாட்டேன், கூட வருகிறவரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் மூக்கைச் சுளித்தால் அங்கே குனிந்து, "இங்கதான் பிரச்சனை" என்பேன். "அடேங்கப்பா, மேஸ்திரிக்கு என்னா மூக்கு!" என்று என்னையே பாராட்டுவார்கள். அவர் மூக்கை வைத்து அவருக்கே வைத்தியம் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். உனக்காகத்தான் மாடியில் அந்த அறையைக் கட்டினேன், குளியலறையோடு சேர்த்து. நம் வீட்டு செப்டிக் டேங்க் வாசல் பக்கம் இருக்கிறது. அதன் காற்று போகிற ஏர் பைப் முன் சுவரோடு ஏறி, புது பால்கனியின் ஓரமாக மேலே போனது. பண்ருட்டியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள், பெண்ணாடத்து அத்தை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "என்னாடா தம்பி இது, வாசல்லயே கக்கூஸ் கொழா நட்டமா நிக்குது? பொண்ணு வூட்டுக்காரங்க வந்து எறங்குனதும் மொதல்ல இதத்தான் பாப்பாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பத்து நிமிஷ வேலைதான். பால்கனித் தரை மட்டத்தில் பைப்பை அறுத்தேன், மூடி போட்டு ஒட்டினேன், மேலே ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தி வைத்தேன். ஊரில் எத்தனை வீட்டில் இதே காரியத்தைப் பார்த்துவிட்டு, "எந்த மடையன் இத மூடுனான்?" என்று கத்தியிருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் பக்கவாட்டில் வேறு பைப் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. மறுநாள் இரண்டு வேனில் வந்தார்கள். சுகன்யாவின் அப்பா கூரையில் ஓதம் இருக்கிறதா என்று பார்த்தார். அவள் அம்மா அடுப்படிக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தாள். அவள் சித்தி ஒவ்வொரு ஜன்னலையும் சாத்தித் திறந்தாள். போகும்போது எல்லோரும் அந்தக் குரோட்டன்ஸ் செடி அழகாக இருக்கிறது என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஏர் பைப்பை மூடினால் என்ன ஆகும் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. குளியலறைத் தரையின் மூலையில் சல்லடை மூடி இருக்கிறதே, அதற்குக் கீழே ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். டேங்க் காற்று அறைக்குள் வராமல் தடுக்கிறது அந்தத் தண்ணீர்தான், அது ஒரு கதவு மாதிரி. மேலே யாராவது ஃபிளஷ்ஷை இழுத்தால் பைப்பில் தண்ணீர் மொத்தமாக இறங்கும். இறங்குகிற தண்ணீருக்குப் பின்னால் காற்று வர வேண்டும். ஏர் பைப் திறந்திருந்தால் அந்த வழியாக வரும். மூடியிருந்தால் வளைவில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். கதவு போய்விடும். அப்புறம் டேங்கில் இருக்கிற விஷக்காற்றெல்லாம் படுக்கையறைக்குள்தான்.

சுகன்யா வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, காலையில் எழுந்ததும் தலைவலி என்றாள். பல் தேய்க்கப் போனால் குமட்டுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றாள். எனக்கு என்ன தோன்றியிருக்கும்? வீட்டில் பெண் துணை இல்லாத மாமனார் நான். சந்தோஷம் தாங்காமல் அத்தைக்குப் போன் போட்டு, "அக்கா, விசேஷம் போலத் தெரியுது" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவள் பெண்ணாடத்திலிருந்து இனிப்பும் முறுக்கும் வளையலுமாக வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். அந்தப் பெண்ணை நடுவில் உட்கார வைத்து, எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் இல்லீங்க அத்தை, போன வாரந்தான் தலைக்கு ஊத்துனேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. தட்டை எடுத்து மூடிவிட்டு அத்தை கிளம்பினாள். அன்று சாயந்திரம் சுகன்யா அடுப்படி வாசலில் நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. மாடி பாத்ரூம்லேர்ந்து நாத்தம் வருது. அதான் எனக்குக் குமட்டுது. ஒரு தடவ பாருங்க மாமா."

நான் மாடிக்குப் போகவே இல்லை தம்பி. உட்கார்ந்த இடத்திலேயே, "ஊர்ல ஆயிரம் வீட்டு நாத்தத்தைப் புடிச்சுக் குடுத்தவன் நானு. என் வூட்ல நாத்தமா? உங்க பண்ருட்டி மூக்கு ரொம்ப ஒசத்தி மூக்கா?" என்று கத்தினேன். நீ வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தாய். என்ன ஏது என்று கேட்காமல், "அப்பாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்? முப்பது வருஷமா இதே வேலை பாக்கறாரு" என்று அவளை அதட்டினாய். எனக்கு அப்போது மனசு குளிர்ந்துபோனது. என் பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு பெருமை. இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை. உனக்கு லேசான சளி வருடம் முழுக்க இருக்கும், நாற்றம் உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கு மூக்கே இல்லை. அந்த வீட்டில் வேலை செய்கிற ஒரே மூக்கை நாம் இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து அடக்கினோம்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தாள், கொசு கடித்தாலும். சீசனில் ஒரு நாள் அவள் அப்பா பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தார். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் பழுத்துவிட்டது. பழுத்த பலா இருந்தால் தெருமுனையிலேயே தெரியும் என்று உனக்குத் தெரியும். நான் அந்தப் படிக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சுகன்யா வந்து, "மாமா, பழம் அறுக்கட்டுங்களா?" என்றாள். நான், "எந்தப் பழம்மா? பழம் வாங்கியாந்தியா?" என்றேன். என்னைப் பார்த்தாள், என் காலுக்குப் பக்கத்தில் இருந்த சாக்கைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "ஆமாங்க மாமா, இப்பதான் வந்துது" என்று சொல்லிவிட்டு சாக்கோடு இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கொட்டை நீக்கின சுளைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தின்றேன். இனிப்பு மட்டும் தெரிந்தது.

அடுத்த மாதம் நீ, "வேலைக்கு சிதம்பரத்துக்கு பஸ்ல போய் வர்றதுக்கே ஜாஸ்தி டயமாவுதுப்பா, அங்கயே வாடகைக்கு வீடு பாத்துட்டேன்" என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. சாமானெல்லாம் ஏற்றிய பிறகு சுகன்யா என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். "மாமா, கேஸ் சிலிண்டர ராத்திரி படுக்கறப்ப மூடிட்டுப் படுங்க. வாசனை வந்தா பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவளுக்குத் தெரியும் என்று. வண்டியில் போகும்போதே உன்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நீ போன் பண்ணும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்பான், இன்றைக்குக் கேட்பான் என்று பயந்துகொண்டு இருந்தேன். நீ கேட்கவில்லை. தெரிந்துதான் பெருந்தன்மையாகக் கேட்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, "வாடை அடிக்குதா அப்பா" என்று நீ கேட்டாய் பார், அப்போதுதான் தெரிந்தது. அவள் உன்னிடம் சொல்லவே இல்லை. நீ இத்தனை நாளும் அவளை வம்புக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்க, அவள் அதையும் தாங்கிக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

நீ கேட்டபோது அவள் உனக்குப் பின்னால் கதவருகில் நின்றாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். நான் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் என்னைப் பார்த்தாள். மெதுவாக முந்தானையைக் கீழே விட்டாள். என் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்று அந்த நாற்றத்தை மறுபடியும் முழுங்கிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பி.முட்லூர் தாண்டுகிறவரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார்.

நான் கண்ணால் பார்த்ததையும் உன்னிடம் மறைத்தேன். மூன்று குளியலறையிலும் ஊதுபத்திச் சாம்பல் கிடந்தது. விற்கிறவர் வீடு காட்ட சாமி கும்பிட வேண்டியதில்லையே. மேலே நீ ஃபிளஷ்ஷை இழுத்தபோது கீழே என் காலடியில் சல்லடைக்குள் களக் களக் என்று சத்தம் வந்தது. மொட்டை மாடியில் ஏர் பைப் நிற்கிறது, ஆனால் வாயில் சிமென்ட் பூசி, துணி காயவைக்க அதில் கொடி கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நம் குரோட்டன்ஸ் தொட்டி ஞாபகம் வந்தது. சொன்னால், "அப்ப வாடை வரணுமேப்பா?" என்று கேட்பாய், என்ன பதில் சொல்வேன்? அதனால் வாஷ்பேசின் அடியில் சொட்டுகிறது, குழாய்க் கைப்பிடி ஆடுகிறது என்று உப்புப் பெறாத குறைகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை நீ வாங்கிவிட்டால் செம்மண்டலத்தில் இருக்கிற நம் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாய் என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. பெரிய குறை எதைச் சொன்னாலும், அப்பா வேண்டுமென்றே தடுக்கிறார் என்று நினைப்பாயோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீடு நல்ல வீடுதான். பைப்புக்குத் தண்ணீர் ஓட வாட்டம் சரியாகக் கொடுத்திருக்கிறான், சுவரில் ஓதம் இல்லை. ஆனால் வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஊதுபத்தி ஏற்ற நேரம் கொடுக்காமல் போ. நீ மேலே இரு, சுகன்யா கீழே டார்ச் அடித்துச் சல்லடைக்குள் பார்க்கட்டும். தண்ணீர் மினுங்கினால் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஒரு வாளி ஊற்றி நிரப்பச் சொல், ஆள் புழங்காத வீட்டில் சும்மாவே காய்ந்துபோகும், அதற்காகப் பழி போடக் கூடாது. நிரப்பிய பிறகு மேலே இரண்டு வாளித் தண்ணீரையும் ஃபிளஷ்ஷையும் ஒரே நேரத்தில் விடு. கீழே தண்ணீர் துள்ளி இறங்கிவிட்டால் ஏர் பைப் மூடியிருப்பதுதான் காரணம். கொடியை அவிழ்த்து, பைப்பின் வாயை உடைத்து, ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றிக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்று கறாராகச் சொல். ஜன்னல் பக்கம் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள். நடு குளியலறையில் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறான், ஜன்னலே கிடையாது, புகை வெளியே போக ஒரு குழாய்கூட இல்லை. அதை அன்றைக்கே கழற்றிவிடச் சொல். அது கக்குகிற நச்சுக்காற்றுக்கு வாசனையே கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் நானும் சுகன்யாவும் ஒன்றுதான். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு குளியலறையிலும் அவளை நிற்க வை. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான். அங்கே உன் அப்பன் பேச்சை எடுக்காதே.

திங்கட்கிழமை காலை குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தினேன். மூடியை அறுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று வந்து முகத்தில் பட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னாண்ணே இது!" என்று மூக்கைப் பிடித்தார். அந்தக் காற்றில்தான் அந்தப் பெண் அத்தனை நாள் படுத்து எழுந்திருக்கிறாள். இப்போது பைப்பை மாடி அறைக்கும் மேலே ஏற்றிவிட்டேன். வாசலில் வந்து இறங்குகிற யாருக்கும் முதலில் அதுதான் தெரியும். அத்தை வந்தால் திட்டுவாள், திட்டட்டும். தரை வளைவில் தண்ணீர் ஊற்றி, ஃபிளஷ்ஷை இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அசையாமல் நிற்கிறது. நாற்றம் போய்விட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து நிற்க வைத்தேன். "ஒண்ணும் வரலியே" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் மூக்கைக் குறை சொல்லவில்லை. நான் பார்க்க மாட்டேன் என்று சொன்னது அவரிடம் இல்லையே, சுகன்யாவிடம்தானே.

உங்களைத் திரும்பி வந்து இங்கேயே இருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. சிதம்பரத்து வீட்டை வாங்குங்கள், நன்றாக இருங்கள். ஆனால் மாடி அறையில் அவள் ஜன்னலுக்கு மாட்டிய பச்சைத் திரை அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் போய்த் திறந்துவிட்டு, சாயந்திரம் சாத்திவிட்டு வருகிறேன். வீட்டில் மனுஷ வாசனை என்று சொல்வார்களே, எனக்கு அது இப்போது மூக்கில் தெரிவதில்லை. மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் தெரியும். அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருடம் ஆகிறது தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும். இல்லை என்று சொன்னால் இல்லை. இன்னும் இருக்கிறது மாமா என்று சொன்னால், எத்தனை தடவை சொன்னாலும், அன்றைக்கே தரையை உடைக்கிறேன்.

பண்ருட்டியில் பழம் வந்திருக்கும். வரும்போது ஒன்று கொண்டுவாருங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பா